ஒரே கோட்டில் ஒரு தலைப்பாகை

ஒலிவாங்கி இரண்டு தரம் கீச்சிட்டுவிட்டு ஊமையாகிப் போனது. விழாக் குழுப் பையன்கள் வயரைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். மேடையில் நின்ற கிழவர் அதைச் சட்டை செய்யவில்லை. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்து, "வெண்கட்டி இருக்கா?" என்று கேட்டார்.

பதுளையில் 2024 ஆகஸ்டில், ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் இலக்கிய விழா அது. மண்டபம் என்றால் மூன்று வகுப்பறைகளுக்கு நடுவே நின்ற தட்டிகளைக் கழற்றி உண்டாக்கிய மண்டபம். அதனால் சுவரில் கரும்பலகை இருந்தது. முதல் நாள் யாரோ போட்ட பின்னக் கணக்கு அதில் பாதி அழிந்து கிடந்தது. கிழவர் அதை அழிக்கவில்லை. கிடைத்த இடத்தில் வெண்கட்டியை வைத்து, கை எடுக்காமல் ஒரு கோடு இழுத்தார். ஒரு சுற்று, அதற்கு வெளியே ஒரு சுற்று, அதற்கும் வெளியே இன்னொன்று.

"இது என்னா?"

"முறுக்கு!" என்றது ஒரு குரல். "நத்தை" என்றது இன்னொன்று. பின்னாலிருந்து ஒரு பையன் "நுளம்புச் சுருள்!" என்று கத்தினான்.

சுருளுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தார். ஒரு மீசை போட்டார். கங்காணி வந்து நின்றுவிட்டார். பிறகு தலைப்பாகையின் தொங்கும் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், அதன்மேல் குறுக்கும் குறுக்குமாகச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கினார். கடைசியில் ஒரு புகைபோக்கி. கங்காணியின் தலையிலிருந்து புறப்பட்ட கோச்சி பின்னக் கணக்கை முட்டிக்கொண்டு நின்றது.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லவிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரயில் பாதை தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் குடைந்த சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். நேராக இறக்க முடியாத சரிவை அப்படிச் சுற்றவிட்டு இறக்கியிருக்கிறார்கள். இந்த வித்தை எப்படி உதித்தது என்பதற்கு எங்களிடம் ஒரு கதை உண்டு. வழி தெரியாமல் மலையில் உட்கார்ந்திருந்த என்ஜினியர், தூரத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம். பார்த்ததும் எழுந்துவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, மலையைக் குடைந்தவர்களின் பெயரை நான் எந்தக் கல்லிலும் கண்டதில்லை. இந்தக் கதையில் மட்டும் எங்கள் சனத்தில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் அவருடைய தலைத்துணிக்கு, ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதுவும் கங்காணிக்குத்தான் கிடைத்தது, மண் சுமந்தவனுக்கு இல்லை என்று கிழவர் பிற்பாடு தேத்தண்ணீர் நேரத்தில் சொன்னார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது அவர் கேட்டுக்கொண்டது. "எழுதுறதுன்னா எழுதிக்கிங்க தம்பி. பேரை மட்டும் போட்றாதீங்க. பேர் போட்டுப் பேர் போட்டே நம்மள அரைப் பேராக்கிட்டாங்க." தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு 'பேர்'. கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். காலையில் பிரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தவளைத் துரத்திவிட்டால் அதுவும் இல்லை. எண்பதைத் தாண்டிய மனிதர், பசறைப் பக்கத்து லயத்தில் பிறந்து, கொழும்பு அச்சகங்களில் எடுபிடியாய் நின்று, நாகத் தகட்டில் புளொக் அறுக்கக் கற்று, மூன்று புனைபெயர்களில் நாற்பது வருஷம் கார்ட்டூன் போட்டவர், இன்னும் அந்தக் கணக்குப் புத்தகத்தின் வார்த்தையில்தான் விளையாடுகிறார்.

1924 என்ற எண்ணை அவர் அன்று விடுவதாக இல்லை. ரயில் பதுளையை எட்டியது அந்த வருஷம் ஏப்ரல் 5ஆம் திகதி. கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியதும் அதே வருஷம். தமிழ்நாட்டில் கார்ட்டூனிஸ்ட் கோபுலு பிறந்தார். வடமராட்சியில் சி. சிவஞானசுந்தரம் பிறந்தார். "ரயிலும் கார்ட்டூனும் எனக்கு ஒரே வயசுக்காரங்க" என்றார் கிழவர். சிவஞானசுந்தரம் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சிரித்திரன்' சுந்தர் என்றால் முன்வரிசை வழுக்கைகள் எல்லாம் நிமிர்ந்து உட்காரும். என்னுடையதும் அவற்றில் ஒன்று.

சிரித்திரனை நான் முதலில் பார்த்தது பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சலூனில். பசறை ரோட்டிலுள்ள எங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க டவுனுக்கு வரவேண்டும். எழுபதுகளின் தொடக்கம். சலூன்காரர் ஒரு சணல் கயிற்றைச் சுவரோரம் கட்டி அதில் சஞ்சிகைகளைத் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டிருப்பார். முடி வெட்டக் காத்திருப்பவர் மட்டுமே எடுத்துப் படிக்கலாம் என்பது சட்டம். அதனால் நான் எப்போதும் காத்திருந்தேன். யார் வந்தாலும், "நீங்க முந்தி போங்க மாமா" என்று இடம்விடுவேன். மரியாதை தெரிந்த பிள்ளை என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். வீட்டில்தான், ஒரு தலையில் முடி வெட்ட மூன்று மணி நேரமா என்று அப்பா கேட்டார்.

1963இல் கொழும்பில் சுந்தர் தொடங்கிய பத்திரிகை அது. பிற்பாடு யாழ்ப்பாணத்துக்கு இடம் மாறியது. கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போனவர், அங்கே பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போட்டுப் பழகித் திரும்பி, தினகரனில் சவாரித்தம்பரை நடக்கவிட்டார். அந்தச் சவாரித்தம்பர் எங்களுக்குப் பாதிதான் புரிந்தார். சவாரி என்றால் எங்களுக்கு லொறியில் தொற்றிக்கொண்டு போவது. வகுப்பில் தமிழ் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். "அது மாட்டுவண்டில் சவாரியடா, பந்தயம்" என்றவர், சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்தார். "எங்கட பக்கத்தில ஒழுங்கைக்கு ஒரு தம்பர் இருப்பார்." அன்று அவர் முகத்தில் கண்ட ஊர் ஏக்கத்தை நான் வேறு எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

மிஸ்டர் அண்ட் மிஸிஸ் டாமோடிரனுக்கு மட்டும் சேரின் உதவி தேவைப்படவில்லை. வெள்ளைக்காரன் பாவனையைத் தோளில் சுமக்கும் அந்தத் தம்பதியை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். பங்களாவில் தொரைசாணி ஞாயிற்றுக்கிழமை எந்தப் பூவைச் சாடியில் வைத்தாளோ, புதன்கிழமை அது பெரிய கிளாக்கர் குவாட்டர்ஸ் சன்னலில் இருக்கும். சனிக்கிழமைக்குள் டீ மேக்கர் வீட்டுக்கு இறங்கிவிடும். லயத்துக்கு வருவதற்குள் பூ வாடிவிடும் என்பாள் அம்மா. சுந்தர் ஊவாவுக்கு வந்தாரா, எங்கள் கிளாக்கரைப் பார்த்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்று சலூன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, பார்த்துவிட்டுத்தான் வரைந்தார் என்று சத்தியமே பண்ணியிருப்பேன்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கங்களில் யாழ்ப்பாணத்து ஒழுங்கை இருந்தது, கொழும்புக் கந்தோர் இருந்தது. கொழுந்துக் கூடை இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அப்படித்தான். விஜேசோம வரைந்த புஞ்சி சிங்ஞோ என்ற சின்ன மனிதர் நாட்டில் நடக்கும் கூத்தையெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் நின்றிருக்கலாம், நிற்கவில்லை.

அந்த உறுத்தலுக்குக் கிழவர் விடை வைத்திருந்தார். ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கரும்பலகை ஓரத்தில்தான் எனக்கு அது கிடைத்தது.

"கார்ட்டூன்ல ஒரு சாமானியன் வருவான், கவனிச்சிருக்கீங்களா?" என்று தொடங்கினார். "வேட்டி கட்டியிருப்பான், கட்டம் போட்ட கோட்டுப் போட்டிருப்பான். இந்தியாவுல லக்ஷ்மண் போட்டாரு, இங்க விஜேசோம போட்டாரு. வாய் பேச மாட்டான். முழிச்சிக்கிட்டு நிப்பான். அவனப் பாத்து மந்திரி ஏன் பயப்படணும்? அவன் கையில வோட்டு இருக்கு. வோட்டு உள்ளவன்தான் சாமானியன். நமக்கு அப்ப வோட்டு இல்ல. நம்ம ஆள் முழிச்சா எந்த மந்திரிக்கு என்னா?"

நான் பள்ளிக்கூட வாத்தியாராய் முப்பது வருஷம் இந்த வரலாற்றைப் படிப்பித்திருக்கிறேன். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது, 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, மறுவருஷம் வாக்குரிமையும் போனது, எல்லாம் பரீட்சைக்கு வரும் கேள்விகள். ஆனால் அந்தச் சட்டம் எங்களைக் கேலிச்சித்திரத்திலிருந்தும் வெளியேற்றியது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நாடற்றவனை வைத்து நாட்டு நடப்பைக் கேலி செய்ய முடியாது. அவனுக்குப் பிரதமர் ஒரு தூரத்து ஆள். அவனுடைய அரசாங்கம் கணக்கப்பிள்ளையில் தொடங்கித் தொரையில் முடிந்துவிடும்.

அச்சில் எங்கள் படம் இல்லாமலும் இல்லை. தேயிலைப் பக்கட்டில் இருந்தது. லிப்டன் 1890இல் தம்பேதன்னையில் ஸ்டோர் கட்டிய காலம் முதல் உலகமெல்லாம் போனது அந்தப் படம்: முக்காடு, மூக்குத்தி, நிமிர்ந்த முதுகு, பல் தெரியும் சிரிப்பு. ஜூலையில் தொடங்கும் கச்சான் காற்று கொழுந்தை வாட்டி, உலகம் கொண்டாடும் ஊவா வாசனையை அதற்குள் ஏற்றும் மாதங்களில், அந்தக் காற்று எங்கள் அம்மாமார் உதட்டையும் வெடிக்க வைக்கும். கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டி, மலையேறும் பெண் பக்கட்டில் இருப்பவளைப்போல் சிரித்தால் உதட்டிலிருந்து இரத்தம் வரும். கிழவர் சொன்ன கணக்கில், உலகத்திலேயே அதிகம் அச்சடித்த கேலிச்சித்திரம் அந்தப் பக்கட்டுப் படம்தான். வரைந்தவனுக்கு அது கேலி என்று தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் எங்களுக்கு ஒரு கார்ட்டூனிஸ்ட் இருந்தாள். இதை நான் அன்று எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூச்சம்.

எங்கள் லயத்தின் தொங்கல் காம்பராவில் இருந்த அக்கா அவள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். மூன்றாம் வகுப்புவரை படித்துவிட்டுக் கொழுந்துக்குப் போனவள். மார்கழி பிறந்தால் லயத்து இஸ்தோப்பு முழுக்க அவள் கைக்குத்தான் சொந்தம். அரிசி மாவுக்கு வழி ஏது? பங்களாவுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கெஞ்சி வாங்கி வருவாள். செங்கல் பொடி, அடுப்புக்கரி, வாடிய தேயிலை இலையைக் கசக்கிய பச்சை. இவ்வளவுதான் அவள் வர்ணப் பெட்டி. பன்னிரண்டு வரிசைப் புள்ளிக் கோலத்தை மூச்சுவிடாமல் இழுப்பாள்.

ஒரு தைப்பொங்கலுக்கு இரண்டு மயில் போட்டாள். எதிரெதிராக நின்ற மயில்கள். நடுவில் பூங்கொடியில் ஒரு தராசு தொங்குகிறது. நாங்கள் பிள்ளைகள் மயிலைத்தான் பார்த்தோம். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் ஒவ்வொருவராய் நின்று, பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கு அம்மாதான் காட்டினாள். ஒரு மயிலின் அலகுக்குமேல் கணக்கப்பிள்ளையின் மீசை. அதே மயிலின் ஒரு கால் தராசுத் தட்டை மெல்ல மிதித்துக்கொண்டிருக்கிறது.

மடுவத்தில் நடப்பதைத்தான் போட்டிருந்தாள். மாலையில் கொழுந்தைச் சாக்கோடு கொக்கியில் மாட்டி நிறுக்கும்போது, சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று கழித்துக்கொண்டே வருவார்கள். வெயில் எரிக்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. கேட்டால் மறுநாள் பேர் விழாது. கேட்காமல் எப்படிக் கேட்பது என்பதற்கு அவள் சுண்ணாம்பில் வழி கண்டுபிடித்திருந்தாள்.

பத்து மணிபோல் கணக்கப்பிள்ளை பொங்கல் சாப்பிட லயத்துக்கு வந்தார். எல்லோருக்கும் குலை நடுங்கியது. மனிதர் கோலத்தின் முன்னே நின்றார், கைத்தடியால் மயிலைச் சுட்டினார். "நல்லாருக்கே புள்ள, கண்ணு வெச்சிறப் போறாங்க" என்றார். அந்த நேரம் லயம் அடக்கிக்கொண்ட சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் விலா வலிக்கும். மத்தியானம் கோழிகள் கிளறிவிட்டன. சாட்சியும் அழிந்தது.

தோட்டத்துக்குள் எது வந்தாலும் வேஷம் போட்டுத்தான் வரவேண்டும். நடேசய்யரே புடவை வியாபாரி வேஷத்தில்தான் தோட்டங்களுக்குள் நுழைந்து லயத்து நிலைமையைப் பார்த்துவிட்டுப் போனார் என்பார்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும். அதில் கோமாளி தொரையின் தமிழைப் பேசிக் காட்டுவான். தொரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வெள்ளைக்காரத் தொரைமார் எங்கள் மொழியைப் படிக்க 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருந்தது. எழும்பு, வா, போ, வெட்டு, கொண்டா. கட்டளையைத் தவிர வேறு வினைச்சொல் எங்கள் மொழியில் இல்லை என்று நினைத்திருப்பார்கள். கோமாளி அந்தத் தமிழிலேயே தொரைசாணியிடம் காதல் சொல்லுவான்: "ஏய், மனசு கொண்டா!" தப்பு அடிக்கிறவர்கள்கூட அடிக்க முடியாமல் குலுங்குவார்கள். தொரையும் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரிப்பவரைப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

அக்காவின் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது எழுபத்து நாலில். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட கணக்கில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அந்தப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இந்தப் பக்கம், மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அதுவும் ஒரு மடுவத்து நிறுவைதான். எழுபத்து நாலில் தோட்டங்களில் பட்டினி வேறு. மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காத நாட்கள். அதனால் போவதா வேண்டாமா என்று யோசித்தவர்களும் போனார்கள்.

பதுளை ஸ்டேஷனில் அன்று நான் கேட்ட அழுகையை எழுத எனக்கு வராது. ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் சனம் வைத்த பெயரே போதும். தண்டவாளம் முடிகிற ஊர் இது. வந்தவர்களுக்குக் கடைசி, போகிறவர்களுக்கு முதல். தலைமன்னார், பிறகு கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அக்கா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணாடியில் மூச்சை ஊதி விரலால் ஏதோ வரைந்தாள். மயிலா கணக்கப்பிள்ளையா என்று எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது, கோத்தகிரியிலிருந்து. அங்கேயும் தேயிலைதான் என்று எழுதியிருந்தாள்.

அந்தச் சலூன் 1983 ஜூலையில் பதுளை எரிந்தபோது எரிந்தது. கயிறும் சஞ்சிகைகளும் போயின. சலூன்காரர் உயிரோடு தப்பி எங்கோ வடக்குப் பக்கம் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது.

விழாவில் ஒரு மாணவி எழுந்து, பயமாக இருந்ததில்லையா என்று கிழவரிடம் கேட்டாள். யாரும் கேட்காமல் விட்டிருக்கலாமே என்று நினைத்த கேள்வி. அவர் கொஞ்ச நேரம் வெண்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். ஓப்ரி கொலெட் என்ற பறங்கியர் ஐம்பதுகளில் பிரதமர்களையே பொம்மையாய் ஆட்டிவைத்ததையும், அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்ததையும் சொன்னார். அடுத்து கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னெலிகொட. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, 2010 ஜனவரி 24ஆம் திகதி, வேலை முடிந்து கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. மனைவி சந்தியா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது கிழவர் பலகைப் பக்கம் திரும்பவில்லை, எதையும் வரையவில்லை.

"எனக்குப் பயம் இருந்திச்சி மகள்" என்றார். "அதுனாலதான் மூணு பேர்ல போட்டேன். ஒருத்தனத் தேடி வந்தா மத்த ரெண்டு பேரும் தப்பிச்சிக்கலாம்னு." சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மண்டபம் தவித்தது.

இரண்டாம் நாள் காலை அரங்குக்குத் தெளிவத்தை ஜோசப்பின் பெயரை வைத்திருந்தார்கள். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொண்டவர். 'புதிய காற்று' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர். 2013இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது வாங்கினார். 2022 ஒக்டோபரில் காலமானார். கட்டுரைகள் வாசித்தார்கள், நீளமான கட்டுரைகள். நான் பாதியில் வெளியே வந்துவிட்டேன். கிழவர் எனக்கு முன்பே வெளியே வந்து, மதில் ஓரம் நின்று நமுனுகுலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜோசப்பு எழுத்துல சிரிப்பு இருக்கும், தம்பி. இவங்க வாசிக்கிறதுல அத எடுத்துட்டாங்க" என்றார். எனக்கு அதில் முழு உடன்பாடு.

மறுநாள் காலைப் பொடி மெனிக்கேயில் இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம். அவர் கொழும்புக்கு, நான் பண்டாரவளையில் மகள் வீட்டுக்கு. ஹாலிஎலை தாண்டியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்து அக்காவின் மயில் கதையை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பிறகு அவர் விழித்திருப்பது தெரிந்து சொல்லியும்விட்டேன், மீசை, தராசு, கோழி எல்லாம். இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முடிந்ததும், "எந்தக் கால்?" என்றார்.

"என்னங்க ஐயா?"

"மயிலு. தட்ட மிதிச்சது எந்தக் கால்? எடதா, வலதா?"

எனக்கு நினைவில்லை. அவருக்கு அது பெரிய குறையாகப் போய்விட்டது. அப்போது சுரங்கம் வந்தது. பெட்டி இருட்டானது, பிள்ளைகள் வழக்கம்போல் ஊளையிட்டார்கள். இருட்டுக்குள் அவர் குரல் மட்டும் கேட்டது: "தம்பி, இப்ப நமக்கு மேல ஸ்டேசனா?"

"ஆமாங்க."

வண்டி வெளிச்சத்துக்கு வந்து, குன்றைச் சுற்றி, மூச்சிரைக்க ஏறித் தெமோதரை மேடையில் நின்றது. அவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சற்று முன்பு நாங்கள் வந்த தண்டவாளத்தைக் கீழே தேடினார். "பாத்தீங்களா, நம்ம தலை மேல நாமளே ஏறி நிக்கிறோம்" என்றார்.

வடைக்காரர் பெட்டிக்குள் ஏறினார். கிழவர் நாலு வடை வாங்கினார். பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு, சிவப்பு மையில் பிழைக் குறி. வடையை என் கையில் தந்துவிட்டு, எண்ணெய் ஊறாத ஓரத்தைப் பிடித்துத் தாளை விரித்தார். சட்டைப் பையில் பென்சிலைத் தேடிக்கொண்டே, பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.